டயலுக்குள் ஒரு குருவி

சுமார் 4 சென்டிமீட்டர் அகல வாட்ச் டயல்ல ஒரு குருவி. பிரிண்ட் பண்ணா சில நொடி வேலைதானேனு தோணுதா? ஜெனீவாவில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே இதைக் கையால் வரைகிறார்கள். மைக்ரோஸ்கோப், சில முடிகளே உள்ள பிரஷ், உலோக ஆக்சைடு கலந்த கண்ணாடித் தூள். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு சுமார் 800 டிகிரி உலை. சூட்டில் நிறம் மாறும். அதையும் கணக்குப் போட்டுத்தான் இறகு வரையணும். கடைசிச் சூட்டில் விரிசல் விழுந்தா மொத்த உழைப்பும் போச்சு. அன்டூ கிடையாது.

அந்த வாட்ச்சை நாம வாங்கப் போறதில்லை. ஆனா பிளேஸ்மென்ட் நெருங்கும்போது, "எல்லாத்தையும் மெஷினே செய்யும், நீ எதுக்கு?"ங்கிற கேள்வி எனக்கும் பயம்தான். பிரஷ்ஷை யாரும் பிடிக்கலாம். எந்த நிறம் தீயில் என்னவாகும்ங்கிறது பல வருஷம் சுட்டுச் சுட்டுக் கத்துக்கிட்டது. நம்ம படிப்புல அப்படி ஒண்ணு உங்க கையில இருக்கா? நான் தேடிட்டிருக்கேன்.