குழாய்க்குள்ளும் பசிக்கும்

நீங்க கடைசியா எப்போ ரத்தம் கொடுத்தீங்க? கேம்ப்ல இல்ல, டெஸ்டுக்கு. ஊசி குத்தி, குழாயில் பிடித்து, பேர் எழுதி ஸ்டாண்டில் வைத்ததோடு வேலை முடிந்தது என்று கிளம்பி வந்திருப்பீர்கள். நானும் போன வருஷம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்க ஊர் சின்ன ஊர். ரத்தம் எடுக்க ஒரு இடம் உண்டு, டெஸ்ட் பண்ணும் மெஷின் கிடையாது. குழாய்களை ஒரு டப்பாவில் போட்டு டவுனுக்கு பஸ்ஸில் அனுப்புவார்கள். போன வருஷம் மே மாசம், லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறார், எந்நேரமும் தாகம் என்கிறார். வெறும் வயிற்றில் காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் போனபோது டப்பா அதே மேசையில்தான் இருந்தது. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது: 98. நார்மல்.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். "பாத்தியா, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல"ன்னு அப்பா அன்றைக்கு ரெண்டு டம்ளர் காபி குடித்தார், சர்க்கரை தூக்கலாக. நானும் சந்தோஷமாக ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன்.

ஜனவரியில் அப்பாவின் காலில் செருப்பு கடித்த புண் ஒரு மாசமாகியும் ஆறவில்லை. டவுன் டாக்டர் 'மூணு மாச சுகர்' பார்க்கச் சொன்னார். 8.1. "இது நேத்து வந்ததில்ல தம்பி, ரொம்ப நாளா இருந்திருக்கு"ன்னு அவர் சொன்னபோது, மே மாசத்து 98 என் பையில்தான் இருந்தது.

அதே செமஸ்டரில் எனக்கு மினி புராஜெக்ட். நான் பயோடெக். கவுன்சிலிங்கில் கிடைத்ததை எடுத்தவன், பெரிய ஆர்வம் எதுவும் கிடையாது. மேம் கொடுத்த தலைப்பு: கோழி ரத்தமும் மனித ரத்தமும் எவ்வளவு வேகமாக சர்க்கரையைத் தின்கின்றன? கறிக்கடை அண்ணன்கிட்ட ரத்தம் உறையாத குழாயைக் கொடுத்துக் கோழி ரத்தம் வாங்கினேன். மனித ரத்தம் என்னுடையது, ஹெல்த் சென்டர் சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார்.

முதலில் மைக்ரோஸ்கோப். என் சிவப்பணு நடுவில் குழிந்த வட்டம், உள்ளே ஒன்றும் இல்லை. கோழியுடையது நீள்வட்டம், நடுவில் பளிச்சென்று உட்கரு. அதோடு மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு என்று மேம் சொன்னார். கோழி ரத்தம்தான் சர்க்கரையைச் சீக்கிரம் காலி பண்ணும் என்று நோட்டில் எழுதினேன். பெரிய செல், முழு மெஷினரி, பசியும் பெருசாத்தானே இருக்கும்?

ஐந்து மணி நேரம் கழித்து அளந்தேன். கோழி: 231-லிருந்து 226. என்னுடையது: 92-லிருந்து 68.

ஏதோ தப்பு என்று நினைத்துத் திரும்பவும் செய்தேன். திரும்பவும் கிட்டத்தட்ட அதே விடை.

காரணம் இதுதான். மனிதச் சிவப்பணு வளரும்போதே உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் கழற்றிவிடுகிறது. ஒரு செல்லுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின், ஒவ்வொன்றிலும் நாலு ஆக்சிஜன். நூறு கோடிக்கு மேல் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு போகும் அந்த செல், தனக்கு எரிசக்தி தயாரிக்க அதில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. தொட மெஷின் இல்லை. அதற்கு ஒரே சாப்பாடு குளுக்கோஸ். ஒரு குளுக்கோஸை உடைத்தால் மிஞ்சுவது ரெண்டே ஏடிபி, கழிவாக லாக்டேட். இப்படியே சுமார் 120 நாள் ஓடுகிறது. அந்த உடைப்புப் பாதையிலேயே ஒரு கிளைவழி பிரித்து 2,3-பிபிஜி என்ற பொருளையும் செய்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் திசுக்களிடம் இறக்கி வைக்க அதுதான் உதவி. அந்தக் கிளைவழியில் போகும்போது ஒரு ஏடிபி நஷ்டம் வேறு.

அப்படியென்றால் கன்ட்ரோல் எங்கே? நம் செல்லின் சுவரில் சர்க்கரைக்கான கதவுகள் ஏராளம், எப்போதும் திறந்தே கிடக்கும். கட்டுப்பாடு உள்ளே இருக்கிறது. ஹெக்சோகைனேஸ் என்ற முதல் நொதி, தான் செய்த பொருள் குவிந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாஸ்போபிரக்டோகைனேஸ் என்ற இன்னொன்று, ஏடிபி நிறைய இருந்தால் அடங்கும். மொட்டைமாடித் தொட்டியில் மிதவை வால்வு பார்த்திருப்பீங்களே, அதே ஃபீட்பேக்தான்.

பறவையின் கதை வேறு. ஓட்டோ வார்பர்க் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பறவைச் சிவப்பணு ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிப்பதை அளந்துவிட்டார். மைட்டோகாண்ட்ரியா இருப்பதால் அது கொழுப்பு அமிலத்தையும் அமினோ அமிலத்தையும் எரித்துப் பிழைக்கிறது. ரத்தத்தில் நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் சர்க்கரை ஓடினாலும் கதவை ஏறக்குறைய மூடியே வைத்திருக்கிறது. எப்போது திறக்கும்? 1960-களில் கூஸ் வாத்தின் சிவப்பணுக்களில் பார்த்தார்கள்: ஆக்சிஜனை நிறுத்தினால் சர்க்கரை உள்ளே போகும் வேகம் கூடுகிறது. நம்ம ஹாஸ்டல் இன்வெர்ட்டர் மாதிரி, மெயின் லைன் இருக்கும் வரை சும்மா இருக்கும், கரண்ட் போனால்தான் வேலை. நம் செல்லுக்கு மெயின் லைனே கிடையாது, பிறந்ததிலிருந்து பேட்டரியில்தான் ஓட்டம்.

ரீடிங்கை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. 92, 68. ஐந்து மணி நேரம். அப்பாவின் குழாய்.

உடம்புக்குள் இருந்தால் கல்லீரல் சர்க்கரையை நிரப்பிக்கொண்டே இருக்கும். குழாய்க்குள் நிரப்ப யாருமில்லை, தின்ன மட்டும் ஆள் இருக்கிறது. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் சாதாரண வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். சராசரி 6 என்று வைத்து 98-ஐ ஐந்து மணி நேரம் பின்னால் கொண்டு போனேன். சுமார் 133 வந்தது. 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று சந்தேகிக்க வேண்டும். என் கணக்கை எந்த டாக்டரும் ஏற்க மாட்டார், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு லேபில் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. அந்த 98 பொய்யில்லை. அப்பா உடம்பிலிருந்து குழாய்க்குப் போன செல்கள் ஐந்து மணி நேரம் சாப்பிட்டதுபோக மிச்சம் இருந்தது அது.

மூணு மாச டெஸ்ட் ஏன் ஏமாறவில்லை தெரியுமா? அதே திறந்த கதவுதான் காரணம். உள்ளே வரும் சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு, செல் சாகும்வரை கணக்கு வைத்திருக்கிறது. குழாயில் ஐந்து மணி நேரம் கிடந்தால் அந்தக் கணக்கு அழியாது.

இப்போ அப்பாவை டவுனுக்கே கூட்டிட்டுப் போறேன். சுகர் டெஸ்டுக்கு சாம்பல் கலர் மூடி போட்ட குழாய் இருக்கும், அதில் ஃப்ளோரைடு. ஈனோலேஸ் என்ற நொதியை நிறுத்தும். ஆனால் அது பாதையின் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிற நொதி, முன்னால் இருப்பவை இன்னும் ஒன்று, இரண்டு மணி நேரம் தின்றுகொண்டுதான் இருக்கும். அதனால் மூடியின் கலரைப் பார்ப்பதோடு, "எப்ப ஸ்பின் பண்ணுவீங்க அண்ணா?"ன்னும் கேட்கிறேன். முதல் தடவை அந்த லேப் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போ நான் உள்ளே நுழைந்ததுமே, "இதோ தம்பி, உடனே போட்டுடறேன்"ங்கிறார்.

அப்பா கால் புண் ஆறிவிட்டது. காபியில் சர்க்கரை இல்லை, முகத்தில் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அடுத்த முறை உங்க வீட்டில் யாருக்காவது ரத்தம் எடுத்தால், குழாயை வைத்த பிறகு ஒரு நிமிஷம் நின்று அது எப்போ கிளம்பும் என்று கேளுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு இன்னும் பசி அடங்கியிருக்காது.