50 ஹெர்ட்ஸ்

எங்கள் அப்பாவின் காதுக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. வாசல் மணி அடித்தால் கேட்காது. தெருமுனையில் லாரி திரும்பினால் கேட்கும். பேத்தி பேசுவதில் பாதிச் சொற்களை உதட்டைப் பார்த்துத்தான் பிடிப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்ததன் மிச்சம் இது. இரைச்சலில் கெடும் காது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில்தான் முதலில் பள்ளமாகும் என்று மருத்துவர் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். கீழ்ச்சுருதிகள் பழுதில்லாமல் இருந்தன.

அண்ணன் தம்பி நாங்கள் இருவர். மூத்தவன் அப்பாவோடு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறான், இளையவன் திருவள்ளூரில். ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் வருவதென்றால் சென்னைக்குப் போய் வண்டி மாறித்தான் வரவேண்டும். அப்பாவின் இசைத்தட்டுகளை மீண்டும் சுழலவிட வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்தபோது, புதிய டர்ன்டேபிள் முதலில் போய் இறங்கியது திருவள்ளூரில்.

வீட்டில் முன்பு இருந்தது எச்.எம்.வி. ஃபியஸ்டா. பெட்டியைத் திறந்து தட்டை வைத்தால் பாடும். வேறு எந்தத் துணைக்கருவியும் கேட்காது. அதில் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதிலிருந்து வரும் மின்சாரம் போதிய பலத்தோடு வரும் என்பதால் தனியாக ஃபோனோ ஸ்டேஜ் தேவைப்படவில்லை. இன்று புழக்கத்தில் இருக்கும் காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவதோ சுமார் 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு பெருக்கியாக வேண்டும். பெருக்கினால் மட்டும் போதாது. இசைத்தட்டு வெட்டும்போதே கீழ்ச்சுருதியைக் குறைத்து, மேல்சுருதியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். கீழ்ச்சுருதியை அப்படியே வெட்டினால் ஊசியின் பள்ளம் அகன்று அகன்று தட்டில் இடம் போதாது. மேல்சுருதியைக் கூட்டி வெட்டிப் பிறகு குறைத்தால் தட்டின் உராய்வுச் சத்தமும் சேர்ந்து அடங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரு பொது அளவை வகுத்தது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடும் வேலைதான் ஃபோனோ ஸ்டேஜுடையது.

நாங்கள் வாங்கிய டர்ன்டேபிளின் உள்ளேயே அது இருந்தது. ஆனால் ரசிகர்கள் எவரைக் கேட்டாலும் வெளியே தனியாக வைப்பதே உயர்வு என்றார்கள். ரசிகர்கள் சொல் தட்டாதவர்கள் நாங்கள். ஆகவே அதையும் வாங்கினோம். முதல் நாள் எம்.எஸ்.ஸின் சுப்ரபாதம், 1963இல் வெளிவந்த தட்டு, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் முழங்கியது. ஒரு மணி நேரம் ஆம்ப்ளிஃபயரைத் திட்டினோம். பிறகுதான் டர்ன்டேபிளின் பின்புறச் சுவிட்ச் கண்ணில் பட்டது. உள்ளே இருப்பதை அணைக்காமலே வெளியே இருப்பதை இணைத்திருந்தோம். ஒரே திருத்தம் இரண்டு முறை நடந்திருக்கிறது. கருவியின் மீது குற்றமில்லை.

சுவிட்சை மாற்றியபின் வித்தியாசம் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளிருப்பதில் ஒரு மெல்லிய இரைச்சல் எப்போதும் பின்னால் நின்றது. வெளியிருப்பதில் அது இல்லை. ராதாவின் குரல் எம்.எஸ்.ஸின் குரலுக்கு அருகே தனி இழையாகக் கேட்டது. மெய்யெழுத்துகள் உடையாமல் வந்தன. அப்பா கேட்கட்டும் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே அப்பா கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்டார். பிறகு சொன்னார்: "டேய், கரண்டு பாடுதுடா. அம்மாவைக் காணோம்."

எங்களுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சொன்ன பிறகு அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஸ்பீக்கரின் அடியில் ஓர் உறுமல். நம் நாட்டு மின்சாரத்தின் துடிப்பு 50 ஹெர்ட்ஸ். ஆர்.ஐ.ஏ.ஏ. அளவின்படி ஃபோனோ ஸ்டேஜ் அந்த 50 ஹெர்ட்ஸை மற்றவற்றைவிட ஏழு மடங்கு அதிகம் தூக்கும். நூறு மடங்கு அங்கே எழுநூறு மடங்காகிறது. வடத்தில் நுழையும் ஒரு துளி மின்கசிவு போதும். உள்ளேயே பொருத்தப்பட்ட ஃபோனோ ஸ்டேஜில் பலவீனமான சமிக்ஞை சில அங்குலங்களே பயணம் செய்கிறது; வடத்துக்கு வரும்போது அது பலமடைந்திருக்கும். வெளியே வைத்தால் அந்த 5 மில்லிவோல்ட் ஒரு மீட்டர் வடத்தில் அநாதையாக நடந்து போகவேண்டும். திருவள்ளூரில் அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. உருக்கு உலைகளின் ஊரில் சேரவில்லை.

சுவிட்சைத் திருப்பி உள்ளிருப்பதைப் போட்டுக் காட்டினோம். "இதுல அம்மா இருக்காங்க" என்றார். எங்களுக்கு அது கசந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கமெல்லாம் அவருடைய காதின் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. அவருக்கென்று வாங்கியதாகச் சொல்லிக்கொண்டது உண்மையில் யாருக்காக என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் அன்று இரவு படுத்தோம்.

காலையில் அப்பாவே அந்தச் சின்னப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடாப்டரில் 12 வோல்ட் டிசி என்று போட்டிருந்ததை நெற்றிக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். "இதுக்கு எதுக்குடா லைன்? பேட்டரி குடு." பழைய யூபிஎஸ்ஸிலிருந்து ஒன்றைக் கழற்றி, ஃப்யூஸ் வைத்து, முனைகளைச் சரிபார்த்து அவரே இணைத்தார். விரல்கள் நடுங்கின, உதவிக்கு நீண்ட எங்கள் கைகளைத் தட்டிவிட்டார். டர்ன்டேபிளின் எர்த் கம்பியைப் பெட்டியின் திருகில் இறுக்கினார். உறுமல் முக்கால்வாசி போயிற்று.

மிச்சத்துக்கு அவர் வீட்டின் பின்புறம் போனார். எர்த் குழி சித்திரை வெயிலில் வெடித்துக் கிடந்தது. மூத்தவன் குடிவந்த நாளிலிருந்து அதை எட்டிப் பார்த்ததில்லை. "மண்ணு காஞ்சா எர்த் எங்கடா போகும்?" என்று கேட்டு, கரியும் உப்பும் வாங்கிவரச் சொன்னார்.

தட்டு போடும் நாட்களில் இப்போது பேத்தி முன்கூட்டியே ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றிவிட்டு வருகிறாள். ஊற்றினாளா என்று அப்பா இரண்டு முறை கேட்கிறார். அவள் பதில் சொல்வது அவருக்குக் கேட்பதில்லை. ஈரமான காலைப் பார்த்துவிட்டு ஊசியை இறக்குகிறார்.