திரும்பி வரும் வழி

எமது கல்லூரியின் யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, ஆசிரியப் பெருமக்களைப் பற்றியோ விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியோ எழுதுவதே முறை என முதலில் எண்ணினோம். ஆயினும் அவற்றை எம்மினும் திறம்பட எழுத வல்லார் பலர் உளர். ஆகவே யாம் எழுதப் புகுந்தது, பழைய கார் ஒன்று ஸ்ராட் ஆக மறுத்த கதை. இதற்கும் கல்லூரி மலருக்கும் என்ன தொடர்பு என அன்பர்கள் வினவலாம். கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் 1967ஆம் ஆண்டிற் கற்ற பாடமொன்றை நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்தே யாம் உள்ளபடி விளங்கிக்கொண்டோம். அதற்கிடையில் குற்றமற்ற இளைஞர் ஒருவருக்குத் தீங்கும் இழைத்துவிட்டோம். அதுவே தொடர்பு.

யாம் இங்கிலாந்திற் குடியேறி, மின்வழங்கல் துறையில் முப்பது ஆண்டுகள் பொறியியலாளராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். 2011ஆம் ஆண்டில், அயலில் வசிக்கும் வகுப்புத் தோழர் ஒருவருடன் பங்காக எம்.ஜி.பி. எனும் ஸ்போட்ஸ் கார் ஒன்றை வாங்கினோம். ஒக்ஸ்போட் நகருக்குத் தெற்கேயுள்ள அபிங்டனில் 1962 முதல் 1980 வரை இவ்வகைக் கார்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. எமது வண்டி 1971இற் பிறந்தது. 1798 கன சென்ரிமீற்றர் எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கபுரேற்றர்; இருவர் மட்டும் அமரும் இருக்கைகள். ஓஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் ஓடிய யாழ்ப்பாணத்துத் தெருக்களில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குச் சென்ற இருவருக்கு, முதுமையிற் கிட்டிய விளையாட்டுப் பொருள் அது. அதன் பின்கண்ணாடியில் எமது கல்லூரி இலச்சினையையும் ஒட்டி மகிழ்ந்தோம்.

வாங்கிய வண்டியை வாங்கியபடி வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. 2012ஆம் ஆண்டு முடிவில் வந்த குளிர்காலத்தில் எஞ்சினை நாமிருவருமே கழற்றி இறக்கினோம். அமுக்கம் கூடிய பிஸ்ரன்களை இட்டோம். எஞ்சின் இருக்கும் அறையையும் வண்டியின் அடிப்பாகத்தையும் சுரண்டித் தடிப்பாக வர்ணம் பூசினோம். இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த இரண்டு 6 வோல்ற்றுப் பற்றரிகளுக்குப் பதிலாக 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்றை வைத்தோம். பின்னர் எஞ்சினை மீண்டும் ஏற்றிப் பூட்டினோம். சில கிழமைகள் வண்டி நன்றாகவே ஓடியது. 2013ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அதனை ஒரு கராஜிற் கொடுத்து, பழைய பொயின்ற்றுகளை நீக்கி இலத்திரனியற் பொறிமூட்டியும், வலுக்கூடிய புதிய ஸ்ராட்டர் மோட்டரும் பூட்டுவித்தோம். அவ்வேலையைச் செய்தவர் அங்கு பணியாற்றிய எம்மவர் ஒருவர், முப்பது வயது கடந்திருக்கும், அதிகம் பேசாதவர்.

அதன்பின் தொல்லை தொடங்கியது. நான்கு முறை திறப்பைத் திருப்பினால் நான்கு முறையும் எஞ்சின் உயிர்பெறும். ஐந்தாம் முறை 'டிக்' என்றதோர் ஓசையுடன் நின்றுவிடும். சில வேளை நோயாளி மூச்சிழுப்பதுபோல மெல்லச் சுழலும், ஆனால் தீப்பற்றாது. கால் மணி நேரம் பொறுத்தால் ஒன்றும் நடவாததுபோலச் சுழன்று ஓடும். எண்ணெய் நிரப்பும் நிலையத்தில் ஒருமுறையும், கோயில் வாசலில் ஒருமுறையும் முன்பின் அறியாதவர்கள் தள்ளிவிட யாம் தலை குனிந்து அமர்ந்திருந்தோம்.

கராஜுக்கு முறையிட்டோம். அவ்விளைஞர் இருமுறை வீடு தேடி வந்தார். வைத்தியரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும் நோய்போல, அவர் வந்த இரு முறையும் வண்டி முதற் சுற்றிலேயே ஸ்ராட் ஆகியது. இரண்டாம் முறை அவர் எம்மைப் பார்த்து, “ஐயா, எஞ்சினை நீங்களே இறக்கி ஏத்தினீங்களோ? எர்த் எல்லாம் திருப்பிப் போட்டீங்கள் தானே?” என்று பணிவாகக் கேட்டார். எமக்குச் சினம் மூண்டது. முப்பது ஆண்டுகள் மின்சாரத்துடன் வாழ்ந்த எமக்கா இவர் எர்த் பற்றிப் பாடம் சொல்வது? “தம்பி, நீர் பூட்டினதைச் சரியாகப் பூட்டினீரோ என்று பாரும்” என்று கூறி அனுப்பிவிட்டோம். மூன்றாம் முறை வண்டி நடுத்தெருவில் நின்ற அன்று, கராஜ் உரிமையாளருக்குக் கடுமையான முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று எழுதினோம். அவர் பணத்தைத் திருப்பித் தந்தார். இளைஞரை வேலையினின்றும் நீக்கினார் என்பது பின்னரே எமது செவிக்கு எட்டியது. அப்பொழுதும் எம் உள்ளம் பெரிதாக வருந்தவில்லை.

இனி நாமே பார்ப்போம் எனத் தோழரும் யாமும் முனைந்தோம். புதிய ஸ்ராட்டரை நீக்கி வேறொன்று பூட்டினோம். இலத்திரனியற் கருவியை மாற்றினோம். பற்றரியையும் மாற்றினோம். அவ்விளைஞரின் கைபட்ட பொருள் ஒன்றேனும் வண்டியில் எஞ்சவில்லை. நோய் மட்டும் எஞ்சியது. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவர் தொட்டவை யாவும் போனபின்னும் குற்றம் நிற்கின்றதெனில், அக்குற்றம் அவருடையதன்று. இதனை அறிய நுண்ணறிவு எதுவும் வேண்டியதில்லை.

மறுநாள் முதல் பொருள் மாற்றுவதை நிறுத்திக் குறிப்பெழுதத் தொடங்கினோம். 'ஸ்ராட் ஆகவில்லை' என்னும் ஒரே சொல்லுக்குள் இரு நோய்கள் மறைந்திருக்கக்கூடும். எஞ்சின் சுழலாமை ஒன்று. சுழன்றும் தீப்பற்றாமை மற்றொன்று. முன்னதற்குப் பற்றரி, தடித்த கம்பிகள், சொலினோயிட்டு, ஸ்ராட்டர் ஆகியவற்றை நாடவேண்டும். பின்னதற்குப் பொறியையும் எரிபொருளையும் நாடவேண்டும். எமது வண்டி இரண்டு குணங்களையும் மாறி மாறிக் காட்டியதே எம்மை மயக்கியது. ஒவ்வொரு முறையும் நாழிகை, எஞ்சினின் சூடு, சோக் இழுக்கப்பட்டிருந்ததா இல்லையா என்பவற்றைக் கொப்பியிற் பதிந்தோம். இரண்டு கிழமைகளில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. சோக் இழுத்திருக்கும் காலைக் குளிரில் வண்டி பெரும்பாலும் சுழன்றது. ஓடிச் சூடேறி, சோக்கை உள்ளே தள்ளிவிட்ட பின்னரே பெரும்பாலும் மறுத்தது.

ஒரு மாலை, தோழர் திறப்பைத் திருப்பிக்கொண்டிருக்க, யாம் கபுரேற்றருக்கு அருகிற் குனிந்து நின்றோம். தற்செயலாக எமது கை சோக் கம்பியின் உறையிற் பட்டது. சுட்டது. கையை இழுத்துக்கொண்டோம். வெறும் இழுவைக் கம்பி. மின்சாரத்துடன் அதற்கு ஒரு சம்பந்தமும் இருத்தல் கூடாது. அது ஏன் சுடவேண்டும்?

அந்தக் கணத்தில் எமது பௌதிக ஆசிரியர் கண்முன் வந்து நின்றார். சுற்று வரையச் சொன்னால், மாணாக்கர் பற்றரியிலிருந்து மின்குமிழ் வரை அழகாகக் கோடு வரைவர். அவர் அக்கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து குமிழில் நிறுத்தி, “இது போய்ச் சேர்ந்துவிட்டது. திரும்பி வந்தது எங்கே?” என்று கேட்பார். திரும்பும் கோட்டை வரையாதவனுக்கு அன்று மதிப்பெண் இல்லை. எமக்கும் பலமுறை இருந்ததில்லை.

கார்களில் திரும்பும் வழிக்குத் தனிக் கம்பி இல்லை. வண்டியின் இரும்பு உடலே அவ்வழி. ஆனால் எஞ்சின் அவ்வுடலுடன் நேரே சேர்ந்திருப்பதன்று. அதிர்வைத் தாங்கும் இறப்பர் மெத்தைகளின்மேல் அமர்ந்திருப்பது. இறப்பர் மின்னைக் கடத்தாது. ஆகையால் எஞ்சினையும் உடலையும் இணைக்கப் பின்னிய செப்புப் பட்டை ஒன்று உண்டு. எமது வண்டியில் அதன் இடம் அடியில், கியர்ப்பெட்டியின் அருகே. அதுவே புவித்தொடுப்பு, அவ்விளைஞர் கேட்ட எர்த். அது இல்லாதவிடத்து, ஸ்ராட்டர் இழுக்கும் நூற்றைம்பது அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம், சோக் கம்பி, அக்சிலேற்றர் கம்பி, வேகமானிக் கம்பி என அகப்பட்ட மெல்லிய வழிகளிலெல்லாம் நெருங்கித் திரும்ப முயலும். அவை தளர்ந்த உறைக்குள் கிடப்பவை. ஒரு வேளை நன்றாகத் தொடும். ஒரு வேளை தொடாது. நோய் விட்டு விட்டு வந்ததன் காரணம் அதுவே.

ஊகத்தோடு நில்லாது அளந்தோம். பொறிச்சுருளின் மின்னைத் துண்டித்து, எஞ்சினைச் சுழற்றியபடியே வோல்ற்றுமானியை வைத்தோம். பற்றரியின் முனைகளில் 10.6 வோல்ற்று. ஸ்ராட்டருக்கு உண்மையிற் கிடைத்தது 7.4. போகும் வழியில் இழந்தது 0.3 மட்டுமே. பற்றரியின் மறை முனைக்கும் எஞ்சினுக்கும் இடையில், அதாவது திரும்பும் வழியில், இழந்தது 2.9 வோல்ற்று. கணக்குச் சரியாகக் கூடியது. மெல்லச் சுழன்றும் தீப்பற்றாத புதிரும் அத்துடன் அவிழ்ந்தது. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே தாழ்ந்தால் இலத்திரனியற் பொறிமூட்டி வேலை செய்யாது. இரண்டு நோய்களாகத் தோன்றியவற்றுக்கு மூலம் ஒன்றே.

இங்கு மாணவர் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. வண்டி ஓய்ந்திருக்கையில் அதே வழியை ஓம்மானியால் முன்னரே அளந்திருந்தோம், பழுதொன்றும் தெரியவில்லை. ஓமின் விதிப்படி, ஓர் ஓமின் ஐம்பதில் ஒரு பங்கு தடையே நூற்றைம்பது அம்பியர் பாயுங்கால் 3 வோல்ற்றை விழுங்கிவிடும். அத்துணைச் சிறிய தடையை எமது ஓம்மானி காட்டாது. சுமை ஏற்றிப் பார்த்தாலன்றி வழியின் தன்மை விளங்காது.

அடியிற் படுத்து விளக்கைப் பிடித்தோம். பட்டை இருக்கவேண்டிய இடத்தில் யாம் பூசிய கரிய வர்ணம் பளபளத்தது. கொட்டகைத் தட்டில், எஞ்சினைக் கழற்றிய நாளில் மரைகளையும் ஆணிகளையும் போட்டு வைத்த பிஸ்கற் பேணி ஒன்று இருந்தது. தோழர் அதனைக் கவிழ்த்தார். செப்புப் பட்டை சுருண்டு விழுந்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை.

வர்ணத்தைச் சுரண்டி, உலோகம் வெண்மையாகத் தெரியும்வரை தேய்த்து, பட்டையை இறுக்கிப் பூட்டி, துருப்பிடியாதிருக்க வசிலீன் தடவினோம். மீண்டும் அளந்தபோது திரும்பும் வழியின் இழப்பு 0.2 வோல்ற்று. வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஆனால் மற்றொரு வேலை இருந்தது.

கராஜ் உரிமையாளருக்கு இரண்டாம் கடிதம் எழுதினோம். குற்றம் முழுவதும் எம்முடையது என்பதையும், அவ்விளைஞர் சரியான கேள்வியைக் கேட்டும் யாம் செவிசாய்க்கவில்லை என்பதையும் ஒளிவின்றி எழுதி, அவர் இருக்குமிடம் விசாரித்தோம். எண்ணெய் நிலையம் ஒன்றில் இரவு வேலை செய்வதாக அறிந்து தோழரும் யாமும் சென்றோம். கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் எம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சொல்லும்போது நா தழுதழுத்தது. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “கார் இப்ப ஸ்ராட் ஆகுதோ, ஐயா?” என்றார்.

ஆகின்றது என்றோம். ஐந்து மாதம் இழந்த ஊதியத்தில் ஒரு பகுதியையாவது ஏற்கவேண்டும் என வேண்டியும் அவர் ஏற்கவில்லை. பேச்சுவாக்கில், தாம் எமது கல்லூரியிலேயே பத்தாம் வகுப்பு வரை படித்தவர் என்றும், 1995ஆம் ஆண்டு ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது படிப்பு நின்றதென்றும் கூறினார். வண்டியின் பின்கண்ணாடியில் இலச்சினையை முதல் நாளே கண்டுகொண்டாராம். “ஏன் தம்பி சொல்லவில்லை?” என்று கேட்டோம். “சொன்னால் சலுகை கேட்கிறமாதிரி இருக்கும், ஐயா” என்றார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

உரிமையாளர் திரும்ப அழைத்தும் அவர் அங்கு செல்லவில்லை. சில ஆண்டுகளில் தமக்கென ஒரு சிறு கராஜ் தொடங்கினார். எமது வண்டியை அன்று முதல் அவரிடமே ஒப்புவிக்கின்றோம். முதன்முறை அவர் செய்த வேலை, எஞ்சினின் முன்புறத்தில் இரண்டாவது செப்புப் பட்டை ஒன்றைப் பூட்டியது. “ஒன்று விட்டுப்போனாலும் மற்றது இருக்கும்” என்றார். எம்மை நோக்காமலே கூறினார். ஆயினும் எமக்கு விளங்கியது.

பௌதிகம் பயிலும் இளைய மாணவர்களே! சுற்று வரையும்போது திரும்பும் கோட்டையும் வரையுங்கள். வழியைச் சுமையேற்றிச் சோதியுங்கள். பிழை ஒன்று நேர்ந்தால், கடைசியாகத் தொட்டவரைச் சுட்டுமுன் உங்கள் வீட்டுப் பேணியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். எங்கெங்கோ போய்ச் சேர்ந்த எம்போன்ற பழைய மாணவர்க்கு இம்மலரும் ஒரு திரும்பும் வழியே. அவ்வழியே வந்து, அன்று மதிப்பெண் தர மறுத்த எம் ஆசிரியப் பெருந்தகையை வணங்குகின்றோம். கல்லூரி அன்னை நீடூழி வாழ்க!