சொற்கணக்கு

ஸ்காட்லாந்துப் புதின ஆசிரியர் சர் வால்டர் ஸ்காட், தாம் கூட்டாளியாயிருந்த அச்சகம் 1826இல் நொடித்தபோது, ஓர் இலட்சம் பவுனுக்கும் மேற்பட்ட கடனுக்கு ஆளானார். திவாலாக மறுத்து, எழுதியே அடைக்கத் துணிந்தார். 1832இல் மறைந்த பின்னும், எஞ்சிய கடன் தீர அவர்தம் நூல்களே உதவின.

ஆய்வு மாணவனாகப் படித்த இச்செய்தி, அத்தாவின் ஜனாஸாவன்று வேறு பொருள் தந்தது. "அத்தா யாருக்கேனும் கொடுக்கவேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள்" என்று மகன் அறிவிப்பது எம் வழக்கம். வாரிசுகள் சொத்தைப் பிரிக்குமுன் கடன் தீரவேண்டும் என்பது மார்க்க விதி. மறுவாரமே மரக்கடைக்காரர் குறிப்பேட்டுடன் வந்தார். தொகை 2,40,000 ரூபாய்.

விரிவுரையாளர் ஊதியம் வீட்டுக்கே சரியாயிருந்தது. ஆதலின் இஷாவுக்குப் பின் கணினிமுன் அமர்ந்து, இணையவழி வரும் ஆங்கில விளம்பரங்களைத் தமிழாக்கலானேன். இடைநிற்கும் நிறுவனம் நூற்றுக்கு இருபது கழித்துக்கொள்ளும்.

கூலி சொற்கணக்கில். மூலத்தின் சொற்களை எண்ணிக் கொடுப்போர் உண்டு. எனக்கு வாய்த்தவரோ தமிழ்ச் சொற்களையே எண்ணினார். கணினிக்கு இடைவெளிதான் இலக்கணம். ஆங்கிலம் ஐந்தாறு சொல்லால் கூறுவது, நம் மொழியில் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என ஒன்றாய் நின்று ஒரு சொல்லின் கூலியே பெறும். (நன்னூலார் புணர்ச்சியை வகுத்தபோது மொழிபெயர்ப்பாளன் வயிற்றை நினைத்தாரில்லை!) 'வந்து கொண்டு இருந்தவர் களுக்கு' எனச் சிதைத்தால் வரவு நான்கு மடங்கு, கேட்பாரும் இல்லை. ஆனால் விடைத்தாள்களில் இத்தகைய பிரிப்பைச் சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை அதற்கு இசையவில்லை. சேர்த்தே எழுதினேன்.

கடன் தீர மூன்றாண்டும் இரு திங்களும் ஆயின. மரக்கடைக்காரர் கணக்கை அடித்துவிட்டு, அத்தாவின் கையொப்பம் இருந்த தாளைக் கிழித்து என்னிடம் தந்தார்.