வீடு முழுக்க ஒரே ஏசி

ஐந்நூறு சதுர அடி வீட்டுக்கு சென்ட்ரல் ஏசி போட முடியுமா?

கேட்டவன் என் தங்கை மகன். எட்டாம் வகுப்பு. லீவில் சென்னைக்கு வந்து ஏதோ ஒரு மாலைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். எந்த மூலையில் நின்றாலும் ஒரே மாதிரி குளிர்ந்தது அவனுக்கு ஆச்சரியம். 'நம்ம வீட்டுலயும் அந்த மாதிரி போட்டா அப்பா, ஆயா, அம்மா, அக்கா எல்லாருக்கும் ஒண்ணா வரும்ல மாமா?' என்றான். சின்னப் பையன் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

தங்கை வீடு அத்திப்பட்டு புதுநகரில். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் எண்ணூருக்கு அடுத்த ஸ்டேஷன். (அத்திப்பட்டு என்றதும் 'சிட்டிசன் படத்துல காணாமப் போகுமே, அந்த ஊரா?' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2001-ல் வந்த அந்தப் படத்தின் ஊர் அத்திப்பட்டி, கற்பனை. இந்த ஊர் வரைபடத்தில் பத்திரமாக இருக்கிறது.) சுற்றிலும் மின்சாரம்தான் பயிர். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் மூன்று யூனிட்டுகள் 1994 முதல் 1996-க்குள் ஓட ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் 210 மெகாவாட். பிற்பாடு 600 மெகாவாட்டில் இரண்டு. பக்கத்து வல்லூரில் 500 மெகாவாட்டில் மூன்று. ஒரு ஏசிக்கு ஒரு கிலோவாட் என்று கணக்குப் போட்டால், பழைய 210 மெகாவாட் யூனிட் ஒன்றே முழு வேகத்தில் 2,10,000 ஏசிகளை ஓட்டும். அதில் ஒன்றுகூட போன வருஷம் வரை தங்கை வீட்டில் இல்லை.

ஏசி அங்கே சொகுசுக்காகக் கேட்கப்படவில்லை. மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. வாரத்துக்கு ஒரு ஷிப்ட். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நைட். இரவு பத்துக்குப் போய் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, எட்டரைக்குப் படுத்தால் பதினோரு மணிக்கெல்லாம் கான்கிரீட் கூரை கொதிக்க ஆரம்பித்துவிடும். லாரிப் புழுதிக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க முடியாது. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு புரளுவார். போன வருஷம் மே மாதம், மூன்று நாள் சரியான தூக்கமில்லாமல் வேலைக்குப் போனவர், கிரேனுக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் அசந்துவிட்டார். யாரோ தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். தங்கை போனில் இதைச் சொல்லிவிட்டு, 'சீட்டுப் பணம் நாப்பத்தஞ்சாயிரம் இருக்குண்ணா. ஏசி ஒண்ணு பாத்துச் சொல்லு' என்றாள்.

முதலில் பையனின் சென்ட்ரல் ஏசி. அதை நான் உடனே தள்ளிவிடவில்லை. அமெரிக்காவில் சாதாரண வீடுகளிலேயே அது உண்டு. அங்கே நிறைய வீடுகள் மரச்சட்டத்தில் கட்டியவை. கூரைக்குக் கீழே பரண் மாதிரி வெற்றிடம் இருக்கும். குளிர்காலத்துக்கு வெந்நிறக் காற்று அனுப்பும் தகரக் குழாய்கள் பல வீடுகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் அதே குழாயில் குளிர்க் காற்று. நம் வீடு செங்கல், கான்கிரீட். குழாய் ஓட இடமே இல்லை. ஃபால்ஸ் சீலிங் போட்டு அதற்குள் மறைக்க வேண்டும். ஒன்பதரை அடி உயரத்தில் ஒரு அடிக்கு மேல் போய்விட்டால் சீலிங் ஃபேனை எங்கே மாட்டுவது? மாப்பிள்ளை தலைக்கும் இறக்கைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்காது.

அடுத்தது மல்டி ஸ்பிளிட். வெளியே ஒரு யூனிட், உள்ளே இரண்டு மூன்று. நல்ல ஏற்பாடு, ஆனால் வெளியே இருப்பது படுத்தால் வீடே படுத்துவிடும். விலை கேட்டால், தனித்தனியாக இரண்டு ஏசி வாங்குவதே மலிவு என்று கடைக்காரரே சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒரு யோசனை வைத்திருந்தார்: பெட்ரூமில் ஏசி, ஹால் சுவரில் ஓட்டை, ஓட்டையில் எக்ஸாஸ்ட் ஃபேன், ஹாலுக்கும் குளிர். ஒரு டம்ளர் மோரை ஐந்து பேருக்கு ஊற்றின கதைதான்.

ஆக ஒரு அறை, ஒரு ஸ்பிளிட். எத்தனை டன்?

இந்த டன் என்பதன் கதை சுவாரசியமானது. ஏசியின் எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு டன் ஐஸ், அதாவது 2,000 பவுண்டு, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த அளவு. 907 கிலோ. காசிமேட்டு மீன்காரர்கள் பாஷையில், 50 கிலோ பார் என்று வைத்தால், பதினெட்டு ஐஸ் பார். ஒரு டன் ஏசி ஒரு நாள் முழுக்க ஓடினால் பதினெட்டு ஐஸ் பாரை அறைக்குள் வைத்து உருக்கினதற்குச் சமம். சென்னைக்கு ஐஸ் கப்பலில் வந்த காலம் ஒன்று உண்டு. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸை ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி மரத்தூளில் பொதிந்து அனுப்பினார். அதைச் சேமிக்க 1842-ல் கட்டிய கிடங்குதான் மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். வெள்ளைக்கார துரைகளுக்குத்தான் அந்தக் குளிர்ச்சி. அத்திப்பட்டுவரை வந்திருக்காது.

கடையில் ஒன்றரை டன் எடுக்கச் சொன்னார்கள். 'மேல்மாடி வீடு சார், ஒரு டன் தாங்காது.' அறை பத்துக்குப் பதினொன்று. நூற்றுப் பத்து சதுர அடிக்கு ஒரு டன் போதும். கூரை நேர் வெயிலில் காய்வதால்தான் கூடுதலாகக் கேட்கிறது. அப்படியானால் காசை ஏசிக்குக் கொட்டுவதைவிடக் கூரைக்குக் கொடுத்தால் என்ன? மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடித்தோம். மாப்பிள்ளையும் பையனுமே ஞாயிற்றுக்கிழமை காலையில் அடித்து முடித்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூரையைத் தொட்டால் சுடுகிற சூடு அன்றைக்கே குறைந்தது. இதைச் செய்யாமல் ஏசி வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய பம்ப் வாங்குவது மாதிரி.

இன்னொரு காரணமும் உண்டு. ஏசியின் வேலை குளிர வைப்பது மட்டும் இல்லை. 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் ஏசியை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல. நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக் காகிதத்துக்காக. ஈரக் காற்றில் காகிதம் உப்பி, கலர் மேல் கலர் சரியாக விழவில்லை. எண்ணூர்க் கடல் காற்றில் நாமும் அந்தக் காகிதம் மாதிரிதான். சின்ன அறையில் பெரிய ஏசியைப் போட்டால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரம் முழுக்க வடியாது. சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும்.

ஸ்டார் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் ஸ்டாரை எண்ணுவதைவிட, அதே லேபிளில் எழுதியிருக்கும் யூனிட்டைப் படிப்பேன். அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. உதாரணமாக 560 என்றிருந்தால் மணிக்கு 0.35 யூனிட். கத்தரி வெயிலில் கொஞ்சம் கூடும், மழையில் குறையும்.

இதை ஏன் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கவேண்டும் என்றால், நம் ஊர் கரண்ட் பில்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 யூனிட் என்றால் 2,030. அந்தப் பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! ஐந்நூறைத் தாண்டியதும் ஆரம்ப யூனிட்டுகளுக்கான சலுகை ரேட் பறந்துவிடுகிறது. 2024 ஜூலையில் ரேட் ஏறியபோதும் இந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. தங்கை வீட்டில் ஏசி இல்லாமலே இரண்டு மாதத்துக்கு 220 ஆகும். மிச்சம் 280. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் 252. பதினைந்து மணி நேரம் என்றால் 315, பள்ளத்தில் விழுந்தாயிற்று.

பன்னிரண்டு மணி நேரம். அதை யாருக்குக் கொடுப்பது?

இங்கேதான் பையன் கேட்டதன் அர்த்தம் எனக்குப் பிடிபட்டது. ஒரு அறைக்கு ஏசி போட்டால் வீடு இரண்டாகிவிடும். உள்ளே இருப்பவர்கள், வெளியே இருப்பவர்கள். ப்ளஸ் டூ படிக்கிற பெண் எந்தப் பக்கம்? எழுபது வயது ஆயா எந்தப் பக்கம்? சென்ட்ரல் ஏசியில் அந்தச் சண்டையே கிடையாது.

ஏசிக்கும் ஷிப்ட் போட்டார்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் காலை எட்டரை முதல் இரண்டரை வரை மாப்பிள்ளைக்கு. இரவு பத்து முதல் நாலு வரை டைமர் வைத்து மற்ற நாலு பேருக்கு. மற்ற வாரங்களில் இரவில் ஐந்து பேரும் ஒரே அறையில். அதற்குத் தரை போதாது. கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து கொடுத்த தேக்குக் கட்டில்தான் அறையில் பாதி. 'கட்டில் ஹாலுக்குப் போவட்டும் மச்சான், தப்பா நினைச்சுக்காதீங்க' என்றார் மாப்பிள்ளை. இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது! பகலில் அதில்தான் இப்போது துணி மடிக்கிறார்கள்.

ஆயாதான் கடைசிவரை மசியவில்லை. 'எனக்கு எதுக்கு தம்பி? முட்டி புடிச்சுக்கும். நான் ஹால்லயே கெடக்கறேன்.' குளிர் நேராக அடிக்காத இடத்தில் படுக்கை போடுவோம் என்றோம். இன்டோர் யூனிட்டைக் கதவுக்கு மேலே மாட்டச் சொன்னது அதற்காகத்தான். கதவோரம் ஆயா. இருபத்தாறு டிகிரி, ஃபேன் ஒன்றில். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் ஆறு சதவீதம் கரண்ட் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. 2020-லிருந்து விற்பனைக்கு வரும் ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் நிற்கவேண்டும் என்று விதியும் இருக்கிறது. பதினெட்டில் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்கிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

கடைசியில் ஒரு டன், இன்வெர்ட்டர், ஐந்து ஸ்டார், காப்பர் காயில். உப்புக் காற்றுக்காகக் காயிலில் பூச்சு உள்ளதாகப் பார்த்தோம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகியிருந்தது ஒரு ஆறுதல். ஸ்டாண்டு, குழாய், தனி ஒயர் எல்லாம் சேர்த்தும் சீட்டுப் பணத்துக்குள் அடங்கியது. அதே ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் ஸ்ரீசிட்டி. டைகினும் புளூ ஸ்டாரும் 2023-ல் அங்கே ஏசி தொழிற்சாலை தொடங்கினார்கள். கரண்டும் பக்கத்து ஊர், ஏசியும் பக்கத்து ஊர், டெலிவரி மட்டும் எட்டு நாள்.

ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கொரு முறை கழுவும் வேலை பையனுக்கு. முதல் தடவை கழுவியபோது வந்த தண்ணீர் ரசம் நிறத்தில் இருந்ததாம். மீட்டர் பார்ப்பது ப்ளஸ் டூ பெண்ணின் இலாகா. தினமும் காலையில் ரீடிங்கை காலண்டரில் குறிக்கிறாள். நேற்று மதியம் போன் செய்தேன்.

'முப்பத்தெட்டு நாள் மாமா, 291 யூனிட். இதே மாதிரி போனா 460.'

'அப்பாகிட்ட குடு.'

'நைட் ஷிப்ட் மாமா. தூங்கறாரு. நீங்க ரெண்டரைக்கு மேல பண்ணுங்க' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.