கதைக்கரு கிலோ என்ன விலை?

வருஷா வருஷம் திருப்பூர் புத்தகத் திருவிழாவுக்குப் போறது எனக்கு ஒரு சடங்கு மாதிரி. பத்து புத்தகம் வாங்கணும்னு லிஸ்ட் எழுதிட்டுப் போவேன். மூணு வாங்குவேன். மிச்சக் காசுக்கு மிளகாய் பஜ்ஜி. வீட்டுக்கு வந்ததும் "ஏற்கெனவே வாங்கினதைப் படிச்சாச்சா?"ன்னு ஒரு கேள்வி வரும். அதுக்குப் பதில் சொல்லாம படுத்துத் தூங்கிடுவேன்.

இந்தத் தடவை கூடுதலா ஒரு சம்பவம். ஒரு காலேஜ் தம்பி என்னையே பாத்துட்டு நின்னான். கிட்ட வந்து, "ஏனுங்ணா, நீங்க கதை எழுதறவருதானே?"ன்னு கேட்டான். எனக்குக் கால் தரையில படலை. (என் கதைகளைப் படிச்சவங்க எல்லாரையும் ஒரே ஷேர் ஆட்டோவுல ஏத்திடலாம். அதுலயும் ரெண்டு சீட்டு காலியாத்தான் இருக்கும்.) அடுத்ததா அவன் கேட்டதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"கதைக்கெல்லாம் ஐடியா எங்கிருந்துங்ணா வருது?"

இந்தக் கேள்வி உலகம் பூரா எழுதறவங்களைத் துரத்துற கேள்வி. அமெரிக்காவுல ஹார்லன் எல்லிசன்னு ஒரு எழுத்தாளர் இருந்தார். இதைக் கேட்டாலே அவருக்கு எரிச்சல் வரும். நியூயார்க் மாநிலத்துல ஸ்கெனெக்டடின்னு ஒரு ஊர் இருக்கு, அங்கிருந்துதான் ஐடியா வரவழைக்கிறேன்னு சொல்லிடுவாராம். எங்கேயோ படிச்ச அந்த ஞாபகத்துல நானும் எடுத்து விட்டேன். "காதர்பேட்டையில கிலோ கணக்குல விக்கிறாங்க தம்பி. செகண்ட்ஸ்தான், ஆனா நல்லா இருக்கும்."

தம்பி சிரிச்சான். நானும் சிரிச்சேன். பஸ்ஸுல திரும்பி வரும்போதுதான் உறுத்துச்சு. அவன் விளையாட்டுக்குக் கேக்கலை. நான்தான் விளையாட்டா சொல்லித் தப்பிச்சிட்டேன். அவனுக்குச் சொல்லாம விட்டதை இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுங்களையே பாப்போம்.

ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதினது 1942ல. புருஷன் செத்துப் போன ஒரு பொம்பளை, நிலத்துல தன்னோட பங்கைப் பிரிச்சுக் குடுன்னு கேக்குறா. அதுதான் கதை. பங்குச் சண்டை இல்லாத ஊர் கொங்கு நாட்டுல எங்கேயாவது இருக்கா? எங்க பெரியப்பா வீட்டுல ஒரு வேப்பமரத்துக்காக ரெண்டு தலைமுறை பேச்சுவார்த்தை கிடையாது. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம்தான். ஆனா நாவலா எழுதினது அவர்.

அடுத்தது நொய்யல். நான் சின்னப் பையனா இருந்தப்போ பாலத்துல பஸ் போனா எல்லாரும் மூக்கைப் பொத்திக்குவோம். இன்னைக்குத் தண்ணி என்ன கலர்னு பந்தயம் கட்டுவோம். சாயப்பட்டறையில என்ன கலர் ஓடுதோ அந்தக் கலர்ல ஆறு ஓடும். எங்களுக்கு அது வேடிக்கை. சுப்ரபாரதிமணியன் அதே ஆத்தைப் பாத்தார். 1990கள் முடியறதுக்குள்ள 'சாயத்திரை' நாவல் வந்துடுச்சு. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடக்கூடாதுங்கற உத்தரவை நிறைவேத்தலைன்னு சாயப்பட்டறைகளை எல்லாம் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது 2011 ஜனவரியில. கோர்ட்டுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல முன்னாடியே ஒரு நாவல் அங்க போய் நின்னுடுச்சு.

எம். கோபாலகிருஷ்ணனோட 'மணல் கடிகை' 2004ல வந்துச்சு. கூடவே வளர்ந்த நண்பர்கள் அஞ்சு பேர், அவங்களோட சேர்ந்து வளர்ற பனியன் தொழில். நம்மள்ல யாருக்கு அந்த அஞ்சு பேரைத் தெரியாது? ஒருத்தன் முதலாளி ஆயிருப்பான், ஒருத்தன் கடன்ல இருப்பான், ஒருத்தனைப் பத்திப் பேச்செடுத்தாலே எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்குவோம்.

ஆக, ஐடியாவுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் கண்ணு முன்னாடிதான் கிடக்கு. பாக்கறதுக்குத்தான் ஆள் வேணும்.

இதோட முடிச்சா பதிவு அழகா இருக்கும். எழுத்துப் பட்டறையில எல்லாம் இப்படித்தான் சொல்லி முடிப்பாங்க. ஆனா நான் பஸ்ஸுல உக்காந்து யோசிச்சது இது இல்லை. பாக்கறவன் பாத்ததை எடுத்துட்டு வந்துடறான், சரி. எடுத்த இடத்துல என்ன ஆகுதுன்னு யாராவது திரும்பிப் போய்ப் பாக்குறோமா?

2003ல நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங்ல இருந்தேன். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தைச்சு முடிச்ச பீஸ் டேபிளுக்கு வரும். டியூப்லைட் வெளிச்சத்துல முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் திருப்பிப் பாக்கணும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், இதுல எது கண்ணுல பட்டாலும் அந்த இடத்துல குட்டியா ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். நாள் பூரா இதே வேலை. கொஞ்ச நாள்ல கண்ணு அப்படியே பழகிடும். கல்யாண வீட்டுல மாப்பிள்ளையைப் பாக்க மாட்டோம், மாப்பிள்ளை சட்டையில காலர் கோணலா இருக்கறதைத்தான் பாப்போம்.

எங்க டேபிள்ல ஒரு அக்கா பிசிறு வெட்டுவாங்க. தேனிப் பக்கம். வீட்டுக்காரர் எங்கேன்னு யாரும் கேக்கறதில்லை, அவங்களும் சொல்றதில்லை. பொண்ணு ஊர்ல பாட்டிகிட்ட வளருது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரை வாங்கினதும் அக்கா நேரா பஸ் ஸ்டாப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிடுவாங்க. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கிட்டு அஞ்சு, பத்து நிமிஷம் பேசுவாங்க. நாங்க கிண்டல் பண்ணுவோம். "அக்கா பாதிச் சம்பளத்தை டெலிபோன்காரனுக்கே குடுத்துருவாங்க."

ஒருநாள் பூத்துக்காரர்கிட்ட சில்லறை மாத்தப் போனப்போ அவர் சொன்னார். "அந்தம்மா டயலே பண்றதில்லீங்க தம்பி. மீட்டர் சைபர்லயே நிக்கும். அதுபாட்டுக்குப் பேசும். முடிச்சுட்டு ரெண்டு ரூவாயை வெச்சுட்டுப் போயிரும். வேண்டாம்னாலும் கேக்கறதில்ல."

அப்புறம் மெதுவா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவங்க ஊர்ல போன் இருந்தது ஒரு மளிகைக் கடையில. கடைக்காரர் பையனை அனுப்பிப் பொண்ணைக் கூப்பிட்டு விடணும். மாசம் ஒரு தடவைன்னா செய்வார், வாரா வாரம்னா சலிச்சுக்குவார். மாசத்துல ஒரு சனிக்கிழமை நிஜமாப் பேச்சு. மத்த சனிக்கிழமை எல்லாம் இப்படி.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அந்த அக்காவை நினைச்சு வருத்தத்துல தூங்கலைன்னு நான் பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன். பொய். சந்தோஷத்துல தூங்கலை. கதை கிடைச்சிருச்சுங்கற சந்தோஷம். இதைத்தான் அந்தத் தம்பிகிட்ட சொல்லியிருக்கணும். ஐடியா வர்ற நேரத்துல மனசு எவ்வளவு கேவலமா குதிக்கும்னு.

ரெண்டே ராத்திரியில எழுதி முடிச்சேன். பேரை மாத்தினேன். தேனியை விருதுநகர் ஆக்கினேன். பொண்ணைப் பையன் ஆக்கினேன். கடைசியில அந்தப் பொம்பளை செத்த போனைக் காதுல வெச்சுக்கிட்டுக் குமுறிக் குமுறி அழறா. ஒரு சிற்றிதழ்ல வெளியாச்சு. அஞ்சு பிரதி வாங்கி, பெருமையாக் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போனேன்.

பதினோரு மணி டீ டைம். எங்க சூப்பர்வைசருக்குக் கணீர்னு குரல். பத்திரிகையை என் கையில இருந்து பிடுங்கி, டேபிளைத் தட்டிக்கிட்டே சத்தமாப் படிக்க ஆரம்பிச்சிட்டார். பேர் மாறியிருந்துச்சு, ஊர் மாறியிருந்துச்சு. பூத் மாறலை. பூத்தை எடுத்துட்டா அங்க கதையே இல்லையே. கண்ணாடிக் கதவு, சைபர்ல நிக்கிற மீட்டர், ரெண்டு ரூவா. பாதியில ஒருத்தி திரும்பி அக்காவைப் பாத்தா. அப்புறம் இன்னொருத்தி. அக்கா கையில இருந்த டிரிம்மர் நிக்கவே இல்லை. டீ ஆறிப் போச்சு.

அடுத்த நாள் சாயங்காலம் அவங்களே வந்து பேசினாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன்.

"கதை நல்லாருந்துச்சு தம்பி. ஆனா அந்தப் பொம்பள அழுகுதே, அது ஏன்?"

நான் என்னமோ உளறினேன்.

"நா ஒருநாளும் அழுகலையே தம்பி. சிரிச்சுல்ல பேசுவேன்."

அவ்வளவுதான். பையை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்தச் சனிக்கிழமை கவரை வாங்கினதும் நேரா பஸ் ஏறினாங்க. அதுக்கு அப்புறம் அவங்களை அந்த பூத்துல நான் பாக்கவே இல்லை. மூணு மாசம் கழிச்சு வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க. திருப்பூர்ல கம்பெனி மாறுறது பெரிய விஷயம் இல்லை, அதுக்கு என் கதைதான் காரணம்னு சொன்னா அது பில்டப். ஆனா அந்த பூத்தை நான்தான் பூட்டினேன். அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. வாரத்துல பத்து நிமிஷம் அவங்களுக்குன்னு ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்துச்சு. வெளியே இருந்து ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சதும் அது போச்சு.

ரொம்ப நாள் என் தப்பு ஒண்ணுதான்னு நினைச்சிருந்தேன், கேக்காம எடுத்தது. இப்ப யோசிச்சா ரெண்டாவது தப்புதான் பெருசாத் தெரியுது. எடுத்ததைச் சரியாவும் பாக்கலை. செக்கிங் கண்ணு. ஓட்டையைப் பாத்ததும் அம்பு ஸ்டிக்கரை ஒட்டிட்டேன். தனியா இருக்கற பொம்பளை, பேசாத போன், அப்ப கண்டிப்பா அழுகைதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். டயல் பண்ணாத போன்ல ஒரு அம்மா பொண்ணுகிட்ட என்ன சொல்லிச் சிரிச்சிருப்பா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களோ என்னமோ. கதை அதுதான். அது எனக்குக் கிடைக்கவே இல்லை.

ஒரு சமாதானத்துக்காகப் பெரிய ஆளுங்க யாராவது இப்படி மாட்டியிருக்காங்களான்னு தேடினேன். செகாவ் மாட்டியிருக்கார். 1892ல ஒரு கதை எழுதினார். 'வெட்டுக்கிளி'ன்னு பேர். டாக்டர் ஒருத்தரோட மனைவி, ஓவியர் ஒருத்தரோட பழகுற கதை. செகாவோட நெருங்கின நண்பர் லெவிட்டான் நிஜமாவே ஓவியர். லெவிட்டான் பழகிக்கிட்டு இருந்த அம்மாவோட வீட்டுக்காரர் நிஜமாவே டாக்டர். கதாநாயகிக்கு இருபத்திரண்டு வயசு, அந்த அம்மாவுக்கு நாப்பதுக்கு மேல. வயசை மாத்தினா போதும்னு செகாவே நினைச்சிருக்கார் பாருங்க! லெவிட்டான் கோவிச்சுக்கிட்டு ஏறக்குறைய மூணு வருஷம் பேசலை. 1895 ஜனவரியில ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒரு தோழி அவரைச் செகாவ் வீட்டுக்கே கூட்டிட்டுப் போனப்புறம்தான் ராசியாச்சு.

அவங்களுக்கு அப்படி ஒரு தோழி இருந்தாங்க. எனக்கு அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்கன்னுகூடத் தெரியாது. பொண்ணுக்கே கல்யாணம் ஆகியிருக்கும். இப்ப கையில ஸ்மார்ட்போன் இருக்கும், நினைச்ச நேரம் முகம் பாத்துப் பேசிக்குவாங்க.

"அப்ப இதை எழுதறதும் அதே தப்புதானே?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. இதுலயும் ஊரு, அடையாளம் எல்லாம் மாத்தித்தான் இருக்கேன். மாத்தினா போதும்னு இப்ப நம்பலை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பழைய கதையை எந்தத் தொகுப்புலயும் சேக்கலை. (தொகுப்பு போடறேன்னு யாரும் இதுவரைக்கும் வரலைங்கறது வேற விஷயம்.)

அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். ஏதாவது கண்ணுல பட்டு மனசு குதிச்சா, உடனே எழுத மாட்டேன். இதை எழுதினா அந்த ஆள் மறுபடியும் அதே இடத்துக்குப் போய் அதே மாதிரி உக்கார முடியுமான்னு பாப்பேன். முடியாதுன்னு தோணினா தள்ளி வெச்சுடுவேன். கேக்க முடிஞ்சா கேப்பேன். இதனாலயே நாலஞ்சு நல்ல கதை எழுதாமப் போயிருக்கு. ஆறு எல்லாருக்கும் பொது, அதைப் பத்தி யார் வேணும்னாலும் எழுதலாம், எழுதணும். பூத் ஒரு ஆளோடது.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன், நல்லவேளை நம்பர் குடுத்திருந்தான். காதர்பேட்டைன்னு சொன்னது சும்மா தமாஷுக்கு, மனசுல வெச்சுக்காதேன்னேன். அவன் கொஞ்சம் தயங்கிட்டு, "எங்கம்மா சிங்கர் டெய்லருங்ணா. அவங்களைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன்"னான்.

"எழுது தம்பி. எழுதிட்டு, முதல்ல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு."

"அய்யோ, திட்டுவாங்களேங்ணா!"

"எந்த இடத்துல திட்டறாங்கன்னு குறிச்சு வெச்சுக்க"ன்னேன்.

எழுதிட்டானான்னு இன்னும் தெரியலை. தெரிஞ்சா சொல்றேன்.