ஓடிப் பார்க்க முடியாத மரம்

"ஒரு மரத்தைப் பார்க்கவா கடல் கடந்து போகிறீர்கள்? நம் ஊரில் மரமே இல்லையா?" என்று நாங்கள் புறப்படும்போது வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தக்க பதில் அப்போது எங்களிடம் இல்லை. போய்த் திரும்பிய பிறகு அதைச் சொல்ல முயல்கிறோம்.

ஜப்பான் தேசத்தில், க்யூஷு தீவுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் யாகுஷிமா என்ற சிறு தீவு இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 500 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதன் நடுவே மியானோஉரா சிகரம் 1,936 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கடல் மேகங்களெல்லாம் அந்த மலையில் மோதி அங்கேயே கொட்டித் தீர்க்கின்றன. மலையின் மேற்பகுதியில் வருஷத்துக்கு 8,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது.

அந்த மழையில் வளர்வது 'சுகி' என்ற ஊசியிலை மரம். டார்ஜீலிங் போனவர்கள் அங்கே 'தூப்பி' என்று சொல்லப்படும் மரத்தைப் பார்த்திருப்பார்கள். அதுவும் இந்த ஜாதியே. யாகுஷிமாவின் கருங்கல் பூமியில் சத்துக் குறைவு. ஆகவே மரம் மிக மெதுவாக வளர்கிறது. வைரம் பாய்ந்து, பிசின் நிறைந்து, எளிதில் உளுத்துப் போகாமல் நிற்கிறது. ஆயிரம் வயது கடந்தால்தான் அதற்கு 'யாகுசுகி' என்ற பட்டம். அதற்குக் குறைந்ததெல்லாம் 'கொசுகி', அதாவது சின்ன சுகி! ஐந்நூறு வயது மரத்தைக் குழந்தையாக எண்ணும் ஊர் உலகில் வேறு எங்கேனும் உண்டோ?

எல்லாவற்றிலும் மூத்த மரத்துக்கு 'ஜோமோன் சுகி' என்று பெயர். அரகாவா என்ற இடத்திலிருந்து போய் வர 22 கிலோமீட்டர். எங்களில் ஓர் இளைஞர் ஓட்டப் பந்தயங்களில் பழகியவர். "இதென்ன தூரம்? ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு மத்தியான்னச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்" என்றார். வழிகாட்டி புன்னகை செய்தார். "பத்து மணிக்குள் படிக்கட்டு அடிவாரத்தை அடையாதவர்கள் மேலே ஏற வேண்டாம், திரும்புவதற்குள் இருட்டிவிடும்" என்று மட்டும் சொன்னார்.

விடியுமுன் கைவிளக்குடன் புறப்பட்டோம். முதல் எட்டுக் கிலோமீட்டரும் ரயில் பாதை! மரம் வெட்டி இறக்குவதற்காகப் போட்ட குறுகிய இருப்புப் பாதை அது. வழியின் பெரும்பகுதியில் தண்டவாளங்களின் நடுவே பலகை பரப்பியிருக்கிறார்கள். இளைஞர் அதன்மேல் ஓடி மறைந்தார். நாங்கள் அவருடைய தாய்மாமனுடன் பின்னே நடந்தோம். மாமாவுக்கு வயது அறுபத்திரண்டு. முழங்கால் வலி வேறு.

வழியில் கொசுகிதானி என்ற இடம். 1923-இல் மரம் வெட்டுவோருக்காகத் தோன்றிய குடியிருப்பு. பள்ளிக்கூடம், வீடுகள் எல்லாம் இருந்தனவாம். 1970-இல் ஊரே கலைந்தது. இப்போது பாசி படிந்த அஸ்திவாரங்களுக்கிடையே மான்கள் மேய்கின்றன.

படிக்கட்டு அடிவாரத்தை அடைந்தபோது மணி பத்தடிக்கப் பத்து நிமிஷம். இளைஞர் வெகு நேரமாகக் காத்திருந்தார். மாமா ஒரு கல்லில் உட்கார்ந்து, "நீங்கள் போங்கள், அப்பா. இதற்கு மேல் நான் சுமைதான்" என்றார். ஒருவரும் பேசவில்லை. இளைஞர்தான் அவருடைய பையை எடுத்துத் தம் தோளில் மாட்டிக்கொண்டார். "வாருங்கள், மாமா. எட்டுக் கிலோமீட்டர் ஓடினேன். பலகையைத் தவிர நான் பார்த்தது ஒன்றுமில்லை" என்றார்.

அதன் பிறகு எல்லோரும் மாமாவின் நடையிலேயே ஏறினோம். வேர்களே படிகளாய் அமைந்த ஏற்றம். நடுவில் ஒரு பெரும் அடிமரம். சுற்றளவு சுமார் 14 மீட்டர். 1914-இல் இங்கே வந்த வில்ஸன் என்ற தாவர சாஸ்திரியின் பெயர் அதற்கு வழங்குகிறது. உள்ளே நுழைந்தால் ஓர் அறை போலிருக்கிறது. சின்னஞ்சிறு கோயிலும் ஓடும் ஊற்றும் இருக்கின்றன. சுமார் 400 வருஷங்களுக்கு முன், ஹிதெயோஷி என்ற பிரபு கட்டிய ஆலயத்துக்காக இம்மரம் வெட்டப்பட்டது என்று சொல்கிறார்கள்.

முன்னாளில் இம்மரங்களைத் தெய்வத்தின் சொத்தாகக் கருதித் தீவார் தொட அஞ்சினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அந்த அச்சம் போயிற்று. மரத்தைப் பிளந்து கூரைப் பலகையாக்கி, நெல் விளையாத தீவார் அரிசிக்குப் பதிலாக அதையே வரியாகச் செலுத்தினார்கள். பின்னர் மெய்ஜி அரசாங்கம் வந்து காடு முழுவதும் தன்னுடையது என்றது. 1878-இன் வனச் சட்டத்தால் நம் மலைவாசிகள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. தீவார் வழக்காடித் தோற்றார்கள்.

நண்பகலில் மரத்தின்முன் நின்றோம். உயரம் 25 மீட்டருக்குச் சற்று அதிகம். சுற்றளவு 16 மீட்டருக்கு மேல். அது ஒரு மரமாகவே தோன்றவில்லை. முண்டும் முடிச்சுமாய், மலையே ஒரு முகம் கொண்டு எங்களைப் பார்ப்பது போலிருந்தது. எடுத்துச் சோதித்த மரத்துண்டின் வயது சுமார் 2,170 வருஷம். மையம் பொள்ளலாகையால் உண்மை வயது அதற்கும் அதிகமாகவே இருக்கவேண்டும். 1966-இல்தான் இம்மரம் வெளியுலகுக்குத் தெரிய வந்தது.

"நேரான மரங்களெல்லாம் போய்விட்டன. இது கோணல், பலகைக்கு உதவாது. அதனால் பிழைத்தது" என்றார் வழிகாட்டி.

மாமா வெகு நேரம் பேசாதிருந்தார். பிறகு, "உதவாதென்று கழித்ததைப் பார்க்கவா இத்தனை பேர் வருகிறோம்!" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

1982-இல் உயிருள்ள யாகுசுகிகளை வெட்டுவது நின்றது. 1993-இல் தீவின் காடு உலகப் பாரம்பரியச் சொத்தாயிற்று. கோடரி ஓய்ந்ததும் வேறோர் ஆபத்து வந்தது: அன்பர்களின் காலடி! பார்க்க வந்தோர் மிதித்து மண் கரைந்து வேர்கள் வெளிப்பட்டன. ஆகவே 1996-இல் மரமேடை கட்டி, மரத்தைத் தூர நின்று தரிசிக்கச் செய்தார்கள். தொட முடியவில்லையே என்று எங்களுக்கும் ஏக்கந்தான். ஆனால் தொடாதிருப்பதே சில சமயம் பக்தி.

இருட்டுமுன் திரும்பிவிட்டோம், இளைஞர் கடைசி வரை ஓடவில்லை.

பெரியவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: நம் ஊரிலும் மரங்கள் உண்டு. அவற்றை இதுவரை ஓடிக்கொண்டே பார்த்திருக்கிறோம். இனிமேல் சற்று நின்று பார்ப்போம்.